ஒரே ஊர், ஒரே அறை, ஏழு இரவு

எதிர்வீட்டுத் தம்பி போன வாரம் வழவழப்பான தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "சார், அப்பா அம்மாவை ஜப்பானுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நீங்க போயிட்டு வந்தவராச்சே, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க." ஆறு இரவு, ஏழு பகல். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா. கீழே சிவப்பு எழுத்தில், தினமும் இந்திய இரவு உணவு உண்டு என்று ஓர் உறுதிமொழி.

திருச்சியில் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரில் 34 வருஷம் உட்கார்ந்தவன் நான். யார் எந்தப் பயணத்தைக் காட்டினாலும் கை தானாகப் பென்சிலைத் தேடும். தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் நாள் போய் இறங்குவது, கடைசி நாள் கிளம்புவது. அந்த இரண்டும் போக மிச்சம் ஐந்து நாள். அதில் மூன்று முறை ஓட்டல் மாற்றம். ஜப்பானிய ஓட்டல்களில் காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான் என்று தாள் பெருமைப்படுகிறது. பெட்டி கட்டி, ஸ்டேஷன் போய், இறங்கி, பெட்டியை எங்காவது வைத்துவிட்டு நிமிர்ந்தால் அரை நாள் காலி. மூன்று மாற்றத்துக்கு ஒன்றரை நாள் போனால் ஆறு ஊருக்கு மிஞ்சுவது மூன்றரை நாள். ஊர் ஒன்றுக்கு அரை நாளும் கொசுறும். இப்படி வரிசையாக ஊர்ப் பெயர்களை நான் பார்சல் ஆபீஸில் மூட்டைமேல் ஒட்டும் சீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

தம்பியிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் ஜப்பானுக்குப் போக வேண்டாம். டோக்கியோவுக்கு மட்டும் போங்கள். ஒரே ஊர், ஒரே அறை, ஏழு இரவு. நானும் மனைவியும் 2024 நவம்பரில் அப்படித்தான் போய்வந்தோம். எனக்கு அப்போது 66 வயது. அவளுக்கு வலது முழங்கால் தேய்மானம், அதோடு சுத்த சைவம்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. ஓய்வுபெற்ற புதிதில் ஒரு குழுவோடு சிங்கப்பூர், மலேசியா போனோம். நடத்தியவர்கள் பெயர் இப்போது எதற்கு? ஐந்து நாளில் பதினேழு இடம் காட்டினார்கள். இடத்துக்கு நாற்பது நிமிஷம், அதில் கழிப்பறை வரிசைக்குப் பதினைந்து. திரும்பி வந்த பிறகு என் மனதில் தெளிவாக நின்றது, எனக்கு முன் சீட்டில் இருந்தவரின் பின்னந்தலை. அன்றைக்கே இரண்டு பேரும் முடிவு செய்தோம். அடுத்த முறை பஸ் நமக்காக நிற்க வேண்டாம். நாம் நமக்காக நின்றால் போதும்.

திட்டம் போடுவதென்றால் எல்லோரும் 'என்னென்ன பார்க்கலாம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கவுன்ட்டரில் நான் கண்டது வேறு. முதல் கேள்வி தேதி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நம் ஊரில் குடும்பங்கள் கிளம்புவது ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், பள்ளி விடுமுறையில். சரியாக அதே வாரத்தில், ஏப்ரல் 29 முதல் மே 5 வரை, ஜப்பானியர்களுக்கு அடுக்கடுக்காக அரசு விடுமுறை. 'கோல்டன் வீக்' என்பார்கள். ஊரே ரயிலேறும், அறை வாடகையும் ஏறும். செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் அழகுதான். அந்த அழகுக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஜூலையும் ஆகஸ்ட்டும் நம் சென்னைப் புழுக்கத்துக்குச் சளைத்ததில்லை. ஓய்வூதியக்காரர்களுக்கு இருக்கும் ஒரே வசதி, பள்ளி விடுமுறையைப் பார்க்கத் தேவையில்லாதது. நாங்கள் நவம்பர் நடுவைப் பிடித்தோம். கிங்கோ மரங்கள் முழுசாக மஞ்சளாவதற்குள் கிளம்பிவிட்டோம் என்பது குறைதான். ஆனால் ஒரு ஸ்வெட்டரோடு நாள் முழுக்க நடக்க முடிந்தது.

அடுத்தது விசா. விண்ணப்பத்தோடு தினசரி நிகழ்ச்சி நிரல் ஒன்று கேட்பார்கள்: எந்தத் தேதியில் எந்த ஊர், எங்கே தங்கல், என்ன செய்வீர்கள். நிறையப் பேர் இந்தத் தாளைப் பார்த்துப் பயந்துதான் ஆறு ஊரை அடைத்து எழுதுகிறார்கள். காலியாக இருந்தால் விசா கிடைக்காது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். நான் ஏழு வரியிலும் 'டோக்கியோ' என்று எழுதினேன். தங்கும் இடத்துக்கு நேராக முதல் வரியில் ஓட்டல் முகவரி, அதன் கீழே 'மேற்படி' 'மேற்படி' என்று ஆறு முறை. விசா வந்தது.

அறை எங்கே என்பதற்கு என் பதில் உவெனோ. நாங்கள் திருச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து நரிடா என்று போனோம். நரிடா விமான நிலையம் ஊருக்கு வெளியே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நேரே உவெனோவுக்கு ஸ்கைலைனர் என்ற ரயில் முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். பெட்டியோடு படியேறி இறங்கி வண்டி மாற வேண்டாம். வாசலில் பெரிய பூங்கா. ஒரு ஸ்டேஷன் தள்ளி ஒகாச்சிமாச்சி. அது நகை, ரத்தின வியாபாரம் நடக்கும் பகுதி. அந்த வியாபாரத்துக்கு வந்த வடஇந்தியர்களால் அங்கே சைவ உணவகங்களும் உண்டு. தோசைகூடக் கிடைக்கிறது. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டதால் என் மனைவியின் பாதிக் கவலை திருச்சியிலேயே தீர்ந்தது.

அறை சிறியது. பதின்மூன்று சதுர மீட்டர், நம் கணக்கில் 140 சதுர அடி. ஒரு பெட்டியைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும். ஆனால் ஏழு நாளும் அதே அறை. இரண்டாம் நாளே சோப்பு எங்கே, மாத்திரை எங்கே என்று தேடுவது நின்றுபோனது. மூன்றாம் நாள் காலையில் தெருமுனைக் கடைக்காரப் பாட்டி எங்களைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு மூன்றாம் நாள் என்ற ஒன்று வருவதே இல்லை.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இறைச்சி இல்லை என்றால் சைவம் என்று அர்த்தமில்லை. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றுக்கும் அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கும். நம் மாசிக் கருவாடு மாதிரி உலர்த்திய சூரை மீனைச் சீவிப்போட்டுக் கொதிக்கவைத்து எடுப்பது. சமைப்பவருக்கு அது மீன் என்றே தோன்றாது, நமக்கு உப்பு தோன்றாத மாதிரி. 'இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை எதுவும் வேண்டாம்' என்று ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டை அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். கடைகளில் உப்பில் ஊறிய உமே பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். நம் நார்த்தங்காய்க்குத் தூரத்துச் சொந்தம். அதிலும் சிலவற்றில் மீன் சாறு சேர்ப்பதுண்டு. செல்பேசி கேமராவை லேபிள்மேல் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் எல்லாம் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. ஊரிலிருந்து கெட்டிலும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க ஐந்து மடங்கு நேரமாகும். பிளக் துளையும் வேறு. தட்டையான இரண்டு கால்.

மருந்து விஷயம் வயதானவர்களுக்கு முக்கியம். டாக்டர் எழுதிய மாத்திரை சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் முன்கூட்டியே அனுமதி வேண்டும். மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் அளவு அவர்கள் வரம்பைத் தாண்டினால் தடை. பெட்டி கட்டுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஊர். டோக்கியோவில் சுமார் 1.4 கோடிப் பேர். ஒட்டியிருக்கும் நகரங்களையும் சேர்த்தால் மூன்றரைக் கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. அதை ஓர் ஊர் என்று நினைப்பதால்தான் 'இரண்டு நாள் போதும்' என்று தாள் அடிக்கிறார்கள். அது ஸ்டேஷனுக்கு ஓர் ஊராகச் சேர்ந்த நாடு. ரயில்காரனுக்கு அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. யமனோதே என்றொரு வட்டப் பாதை நகரின் நடுவைச் சுற்றி ஓடுகிறது. 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம். வெள்ளைத் தாளில் அந்த வட்டத்தை வரைந்தேன். ஒரு நாளைக்கு ஒரு திசை, அதில் அதிகம் போனால் இரண்டு இடம். குறுக்கே ஓடுவது கிடையாது.

கிழக்கு என்றால் அசாகுசா. உவெனோவிலிருந்து கின்சா பாதையில் மூன்றாவது நிறுத்தம். ஸ்டேஷன்களுக்கு எண் உண்டு. உவெனோ ஜி 16, அசாகுசா ஜி 19. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எண் நுழையும். 1927 டிசம்பர் 30 அன்று திறந்த இந்த இரண்டேகால் கிலோமீட்டர் துண்டுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில். எனக்கு சென்சோஜி கோயிலுக்குப் போகுமுன்பே தரிசனம் ஆகிவிட்டது. கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குப் போனோம். கடைகள் திறக்கவில்லை, நாய்களோடு நடக்கும் பெரியவர்கள் மட்டும். பத்து மணிக்கு பஸ்கள் வந்து கொட்டும்போது நாங்கள் கப்பாபாஷியில், பாத்திரக் கடைத் தெருவில் இருந்தோம். மனைவி இஞ்சி துருவ ஒரு செப்புத் தகடு வாங்கினாள். இன்றைக்கும் ரசத்துக்கு அதுதான்.

வடக்கில் உவெனோ பூங்காவும் 1872இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகமும். திங்கட்கிழமை அது மூடியிருக்கும். திங்கள் விடுமுறை நாளானால் செவ்வாய் மூடும். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் அப்படித்தான். ஆகவே எங்கள் திங்கட்கிழமை பக்கத்திலிருக்கும் யனகாவுக்குப் போனது. 1923 நிலநடுக்கத்துக்கும் 1945 குண்டுவீச்சுத் தீக்கும் பெரும்பகுதி தப்பிய பழைய தெருக்கள். மேற்கில் மெய்ஜி ஆலயமும் ஷின்ஜுகுவும். ஆலயத்தைச் சுற்றியுள்ள காடு இயற்கைக் காடில்லை. 1920இல் ஆலயம் எழும்பியபோது நாடு முழுவதிலுமிருந்து மக்கள் அனுப்பிய சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு வளர்த்தது. ஷின்ஜுகுவில் பெருநகர அரசு அலுவலகத்தின் 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கக் காசில்லை. 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரத்துக்குக் காசு உண்டு. என் கண்ணுக்கு இரண்டிலும் ஊர் முடியவில்லை.

அந்த ஷின்ஜுகுவில் என் மானம் போனது. உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ஸ்டேஷன் அது. தினமும் சுமார் முப்பது லட்சம் பேர். வெளிவாசல்கள் இருநூறுக்கும் மேல். மனைவி கழிப்பறைக்குப் போனபோது, "கிழக்கு வாசல்ல நிக்கிறேன்" என்றேன். கிழக்கு வாசல் என்ற பெயரை ஒட்டி அங்கே எத்தனை வாசல் இருக்கிறது என்று பார்த்து வைக்கவில்லை. ஐம்பது நிமிஷம் தேடினோம். கடைசியில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். "முப்பத்தி நாலு வருஷம் ஸ்டேஷன்லயே கிடந்தீங்க" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாசலின் எண்ணையும் குறித்துக்கொள்வது, இருவர் செல்பேசியிலும் இணையம் வைத்திருப்பது என்று இரண்டு விதி.

இடங்களைப் பற்றி முன்கூட்டிப் படித்துவைப்பதும் திட்டத்தில் சேர்த்திதான். ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற கடை. 1915இல் பிரிட்டிஷாரிடமிருந்து தப்பி ஜப்பான் வந்த ராஷ் பிஹாரி போஸை ஒளித்து வைத்துக் காத்தது அந்தக் கடைக்காரக் குடும்பம். அவர்கள் மகளையே அவர் மணந்தார். அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி 1927இல் அங்கே விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. ஷிபுயாவில் எல்லோரும் நாற்சந்தியைப் படம் பிடிக்கிறார்கள். நான் 1998இல் 'முத்து' ஓடிய சினிமா ரைஸ் தியேட்டர் இருந்த தெருவைத் தேடினேன். தியேட்டர் 2016இல் மூடப்பட்டுவிட்டது. இருந்தாலும் தேடினேன்.

வாரத்தில் ஒரு நாளை வெற்றாக விட்டிருந்தோம். 14ஆம் தேதி. காலையில் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண், இன்று சுகமோவில் சந்தை என்றாள். மாதத்தில் 4, 14, 24 தேதிகளில் அங்கே கோயில் சந்தை. வட்டப் பாதையில் உவெனோவிலிருந்து ஆறாவது ஸ்டேஷன். வயதானவர்கள் கூடும் தெரு அது. சிவப்பு உள்ளாடை விற்கும் கடை, ஊறுகாய்க் கடை, மூட்டுவலித் தைலம். கோகன்ஜி கோயில் வாசலில் கன்னன் தேவியின் கற்சிலை. நமக்கு உடம்பில் எங்கே வலிக்கிறதோ, சிலையில் அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படவில்லை. என் மனைவி வலது முழங்காலைத் துடைத்தாள். பின்னால் நின்ற அம்மாள், பாஷை தெரியாமல், தன் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். முழங்கால் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். அந்தச் சந்தை எந்த வழவழப்புத் தாளிலும் இருக்காது. வெறும் நாள் ஒன்று கையில் இல்லாவிட்டால் எங்களுக்கும் கிடைத்திருக்காது.

"வாழ்நாளில் ஒரு தடவை போகிறோம், கியோட்டோவைப் பார்க்காமல் வரலாமா?" இதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான ஆசை. கியோட்டோதான் வேண்டுமென்றால் கியோட்டோவுக்கே போங்கள், டோக்கியோவை விடுங்கள். இரண்டையும் தொட்டுவிட்டு வருவதில்தான் இரண்டும் கைநழுவுகின்றன. இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிறையப் பேர் ஊரிலிருந்தே ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கிவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலில் போய்வர ஆகும் டிக்கெட் செலவு சுமார் 28,000 யென். அந்த ஒரே பயணத்துக்காகப் பாஸ் வாங்கினால் 22,000 யென் நஷ்டம். டோக்கியோவின் சுரங்க ரயில்களில் அந்தப் பாஸ் செல்லவும் செல்லாது. கவுன்ட்டரில் என்னிடம் யாராவது இப்படி டிக்கெட் கேட்டிருந்தால், "கொஞ்சம் ஓரமா நில்லுங்க, யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லியிருப்பேன். ஊர் தாண்டிப் பார்க்க ஆசையா? ஒரு மணி நேர ரயிலில் கமகுரா. வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் பெரிய வெண்கலப் புத்தர். மாலையில் அதே அறைக்குத் திரும்பலாம்.

குழுப் பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக வழி தேட முடியாதவர்கள், அதிகம் நடக்க முடியாதவர்கள், துணை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கவும் சாப்பாட்டுக்கு வழி சொல்லவும் ஓர் ஆள் கூட வருவது அவர்களுக்குப் பெரிய உபகாரம். ஆனால் அவர்களுக்குத்தான் ஒரே அறை எல்லோரையும்விட அதிகமாக வேண்டும். எழுபது வயதுக்காரரை இரண்டு நாளுக்கொருமுறை பெட்டி கட்டவைக்கும் திட்டத்தை யார் போட்டார்கள் என்றால், பெட்டி கட்டாதவர்கள்தான். ஊர் எண்ணிக்கை கூடினால் விலையைக் கூட்டிச் சொல்லலாம். வாங்குகிறவர்களும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறோம், கத்திரிக்காய் மாதிரி. பாதித் தப்பு நம்மிடமும் இருக்கிறது.

எதிர்வீட்டுத் தம்பி தாளை வாங்கிக்கொண்டு, "அப்ப என்ன சார் செய்யட்டும்?" என்றார். அந்த நிறுவனத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள். எத்தனை ஊர் காட்டுவீர்கள் என்று வேண்டாம். தொடர்ந்து எத்தனை இரவு ஒரே அறையில் படுப்போம் என்று கேளுங்கள். பதில் நான்குக்குக் கீழே என்றால், தாளை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.